‘அவர் எப்போதுமே அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்: வயதாகும் வளர்ச்சிக் குறைபாடுள்ளவருக்குத் துணையிருப்பது எப்படி?

டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்), அறிவுசார் குறைபாடு என்று சொன்னாலே பலருக்கும் ஒரு குழந்தையின் முகம்தான் மனதில் வருகிறது. சிறப்புப் பள்ளி, தெரபி, பெற்றோர் கூட்டம் என்று பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தக் குழந்தைக்கும் ஐம்பது வயதாகும், முடி நரைக்கும், முட்டி வலிக்கும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25 வயதுதான். இன்று அது 60ஐ ஒட்டி நிற்கிறது. இதய அறுவை சிகிச்சை கிடைத்தது, பெரிய விடுதிகளில் அடைத்து வைக்கும் வழக்கம் குறைந்தது. இரண்டும் சேர்ந்துதான் இந்த மாற்றம்.

ஆக, இப்படி ஒரு முதியோர் தலைமுறை உருவாகியிருப்பது இதுதான் முதல் முறை. அவர்களைப் பார்த்துக்கொண்ட அப்பா அம்மா எண்பதைத் தாண்டியிருப்பார்கள், அல்லது இருக்கமாட்டார்கள். பொறுப்பு அக்காவிடமோ தம்பியிடமோ, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பராமரிப்பாளரிடமோ வந்து சேர்கிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக. இதில் உள்ள எல்லாமே ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வரும்: போன வருஷம் இவர் எப்படி இருந்தார்? அதற்குப் பதில் தெரிந்தவருக்குத்தான் இன்று ஏதோ சரியில்லை என்பது கண்ணில் படும்.

படி 1: இன்று எப்படி இருக்கிறார் என்று எழுதி வையுங்கள்

பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. ஒரு நோட்டுப் போதும். எப்படி நடக்கிறார்? படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறாரா? சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறாரா, கடைசிப் பொத்தானுக்கு மட்டும் உதவி வேண்டுமா? ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறார்? இரவில் எத்தனை முறை எழுகிறார்? யார் யார் பெயரைச் சொல்கிறார்? எந்தப் பாட்டுக்கு முகம் மலர்கிறது? எடை என்ன? ‘ஓரளவு நடப்பார்’, ‘நன்றாகச் சாப்பிடுவார்’ என்றெல்லாம் எழுதினால் பிறகு ஒன்றுக்கும் உதவாது. ‘வாசலிலிருந்து தெருமுனை வரை நிற்காமல் நடக்கிறார்’ என்று எழுதுங்கள்.

எழுதுவதைவிடவும் கைகொடுப்பது வீடியோ. நடப்பது, சாப்பிடுவது, பேசுவது என்று ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம் போதும். அவரிடம் கேட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒரு முறை பிறந்தநாளை ஒட்டி எடுத்து வையுங்கள். மூன்று வருஷம் கழித்து ‘முன்னாடியே இப்படித்தான் தடுமாறுவார்’ என்று ஒருவரும், ‘இல்லவே இல்லை’ என்று இன்னொருவரும் வீட்டில் சண்டை போடும்போது, அந்த வீடியோதான் தீர்ப்புச் சொல்லும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் என்றால் 35 வயதுக்குள் முதல் பதிவு கையில் இருப்பது நல்லது. ஏன் என்று பின்னால் வருகிறது.

அப்பா அம்மா இருக்கிறார்கள் என்றால் இன்றே அவர்களோடு உட்காருங்கள். சிறு வயதில் என்ன அறுவை சிகிச்சை நடந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் வேண்டும். அதைவிட முக்கியம், அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த அந்த மொழி. பேச்சு வராத ஒருவர் உள்ளங்கையால் கன்னத்தைத் தட்டினால் பல்வலி, மேசையில் நெற்றியை அழுத்தினால் தலைவலி, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு உடனே திரும்ப இழுத்தால் ‘சூடு அதிகம்’. நாற்பது வருஷம் கூடவே இருந்தவருக்கு இது சொல்லாமலே புரியும். அதனாலேயே யாரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள். அம்மா போன மறுநாள் அது முழுக்கத் தொலைந்துபோகும். மிச்சம் இருப்பது ‘கன்னத்தில் அடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு’ என்ற மருத்துவக் குறிப்பு மட்டும்தான்.

அப்புறம், மாதம் ஒரு முறை எடை பாருங்கள். காரணம் தெரியாமல் எடை இறங்குவது பல கோளாறுகளுக்கு முதல் அறிகுறி. செலவே இல்லாத பரிசோதனையும் அதுதான்.

படி 2: நடத்தை மாறினால், முதலில் உடம்பைப் பாருங்கள்

இப்படி நடப்பது உண்டு. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. தன் வேலையைத் தானே செய்துகொள்பவர். திடீரென்று குளியலறைக்குப் போக மறுக்கிறார். வாசற்படி வரை வருவார், அங்கேயே உட்கார்ந்துவிடுவார். கையைப் பிடித்து இழுத்தால் அலறுவார், கடிக்கவும் வருவார். ‘பிடிவாதம் கூடிப்போச்சு’ என்பார் ஒருவர். ‘மறதி நோய் ஆரம்பம்’ என்பார் இன்னொருவர். கண் டாக்டர் பார்த்தால் இரண்டு கண்ணிலும் கண்புரை. அறையின் வெளிர்நிறத் தரை முடிந்து குளியலறையின் கறுப்புத் தரை தொடங்கும் இடம் அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. பள்ளத்தில் கால் வைக்கச் சொல்லி இழுத்தால் யார்தான் அலறமாட்டார்கள்?

குறைபாடு என்ற ஒரு பெயரைத் தெரிந்துகொண்டபின், வருகிற எல்லாவற்றையும் அதன் தலையிலேயே கட்டிவிடுகிறோம். டாக்டர்களும் இதற்கு விலக்கல்ல. 1982இலேயே ஸ்டீவன் ரைஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதை ஆய்ந்து எழுதினார்கள்: அறிவுசார் குறைபாடு இருக்கிறது என்று தெரிந்தாலே, அவருக்கு வந்திருக்கும் வேறு பிரச்சினை கண்ணுக்குப் படாமல் போகிறது. இங்கிலாந்தில் 2015இல் தொடங்கிய ‘லெடர்’ என்ற திட்டம், கற்றல் குறைபாடு (அறிவுசார் குறைபாட்டுக்கு அங்கே வழங்கும் பெயர்) உள்ளவர்களின் மரணங்களை ஒவ்வொன்றாக ஆய்வு செய்கிறது. மற்றவர்களைவிட அவர்கள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்பதும், அவற்றில் கணிசமானவை தவிர்த்திருக்கக்கூடியவை என்பதும் அதில் தெரிகிறது.

ஆகவே நடத்தையில் மாற்றம் வந்தால் இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் வலி. பேசத் தெரிந்தவர்கூட ‘வலிக்கவில்லை’ என்பார். டாக்டரிடம் போக பயமாக இருக்கும். அவர் சொல்வதைக் கேளுங்கள், உடம்பையும் பாருங்கள். நடையில் சாய்வு, ஒரு பக்கமாக மெல்லுதல், தொட்டால் விலகுதல், வழக்கத்தைவிட அமைதி எல்லாம் வலியாக இருக்கலாம். அமைதியானவரை யாரும் கவனிப்பதில்லை, அதுதான் சிக்கல்.

அடுத்து காது. குறும்பி அடைத்திருப்பது டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் சர்வசாதாரணம், ஏனென்றால் அவர்களுக்குக் காதுத் துளை குறுகலானது. ‘கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னபடி கேட்பதில்லை’ என்ற புகார் குறும்பியை எடுத்தவுடன் மறைந்துபோவது உண்டு. பிறகு கண், பல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று. ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் பி12 சத்தும். இரவில் குறட்டை, இடையிடையே மூச்சு நின்று திணறல், பகலில் உட்கார்ந்தபடியே தூக்கம் என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அண்மையில் மாற்றிய மாத்திரை ஏதாவது உண்டா? வீட்டை விட்டு யாராவது போனார்களா, புதிதாக யாராவது வந்தார்களா? மனச்சோர்வா? இவ்வளவையும் பார்த்தபிறகுதான் மறதி நோயைப் பற்றிய பேச்சு.

படி 3: தொண்டையும் வயிறும்

இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ‘ஆபத்தான ஐந்து’ என்று ஒரு பட்டியல் சொல்வார்கள்: புரையேறுதல், மலச்சிக்கல், நீரிழப்பு, வலிப்பு, ரத்தத்தில் கிருமி பரவுதல். ஐந்துமே மெல்லத் தொடங்கி, கவனிக்காவிட்டால் உயிரைக் கேட்பவை. முதல் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

புரையேறுதல் என்றால் இருமல் வரும் என்று நினைக்கிறோம். வயதாக ஆக, இருமலே வராமல் உணவும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். அதன் விளைவு நுரையீரல் அழற்சி. சாப்பிடும்போது கண்ணில் நீர் வருவது, சாப்பிட்டபின் குரல் நீரில் நனைந்ததுபோல் கரகரப்பது, சாப்பாட்டு நேரம் நீண்டுகொண்டே போவது, வாயில் உணவை ஒதுக்கி வைத்திருப்பது, அடிக்கடி நெஞ்சுச்சளி, காரணம் தெரியாமல் வந்துபோகும் காய்ச்சல் எல்லாம் எச்சரிக்கைகள். விழுங்குவதைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் அனுப்பும்படி டாக்டரிடம் கேளுங்கள். உணவை எவ்வளவு மசிக்க வேண்டும், தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நாமாகவே எல்லாவற்றையும் கூழாக்கிக் கொடுப்பது சாப்பாட்டின் மேல் இருக்கும் ஆசையையும் சேர்த்துக் கொல்வது.

வீட்டில் இன்றே செய்யக்கூடியது: நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள். சிறு ஸ்பூன். முதல் வாய் இறங்கியதைப் பார்த்தபின் அடுத்தது. ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் சாப்பிடுபவர் தலையை அண்ணாந்துதான் வாயைத் திறப்பார். புரையேற அதுவே வழி. எதிரே, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். சாப்பிட்டபின் அரைமணி நேரமாவது படுக்கவிடாதீர்கள். பல் துலக்குவதும் இதில் சேர்த்தி. வாயில் கிருமி குறைந்தால், தவறி இறங்கும் எச்சிலால் வரும் கேடும் குறையும்.

மலச்சிக்கல் என்றால் பலரும் அலட்சியமாகச் சிரிப்பார்கள். குடல் அடைத்து இறந்தவர்கள் உண்டு. நடமாட்டம் குறைவு, தண்ணீர் குறைவு, வருஷக்கணக்கில் சாப்பிடும் மாத்திரைகள் என எல்லாம் ஒன்றுசேரும் உடம்பு இது. கழிப்பறைக் கதவில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, மலம் கழித்த நாளைக் குறியுங்கள். மலத்தின் தன்மையைக் குறிக்க 1 முதல் 7 வரை எண்ணிட்ட ‘பிரிஸ்டல்’ அட்டவணை இருக்கிறது. 1, 2 என்றால் மலச்சிக்கல். டாக்டரிடம் பேசும்போது ஒரு எண் போதும், வர்ணனை வேண்டாம். இதில் ஒரு கண்ணி உண்டு: நாட்கணக்கில் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகப் போனால் ‘சரியாகிவிட்டது’ என்றோ ‘வயிற்றுப்போக்கு’ என்றோ நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிடுவார்கள். உள்ளே கல்லாக அடைத்திருக்க, அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிந்து வருவதாகவும் இருக்கலாம். வயிறு உப்பி, வாந்தியும் சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது.

படி 4: மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

எல்லா மாத்திரைகளையும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் எதற்கு, யார், எப்போது எழுதியது என்று குறியுங்கள். ‘ரொம்ப நாளா சாப்பிடுறார்’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லாத மாத்திரை ஒன்றாவது இருக்கும் என்றே சொல்வேன். இருபது வயதில் கோபத்துக்காக எழுதிக் கொடுத்த மனநல மாத்திரை ஐம்பதிலும் தொடரும். எழுதிய டாக்டர் ஓய்வே பெற்றிருப்பார். மனநோய் என்று எதுவும் கண்டறியாமலே இப்படி மாத்திரை கொடுப்பதைக் குறைப்பதற்காக இங்கிலாந்தில் 2016இல் ‘ஸ்டாம்ப்’ என்று ஓர் இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது.

ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டல், கார்பமாசெபின், வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மாத்திரைகளைப் பல ஆண்டுகள் சாப்பிட்டவரின் எலும்பு மெலிந்திருக்கக்கூடும். எலும்பு அடர்த்தியும் வைட்டமின் டி அளவும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெனிடாயினால் ஈறு தடிக்கும் என்பதைப் பல் டாக்டருக்குத் தெரிவியுங்கள். வாய் உலர்வு, மலச்சிக்கல், குழப்பம் மூன்றும் ஒன்றாக வந்தால் மாத்திரைகள் மேல் சந்தேகம் வரட்டும். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு பலமாகத் திரும்பும். மனநல மாத்திரையையும் டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

படி 5: எந்தக் குறைபாடோ, அதற்கேற்ற கவனம்

டவுன் சிண்ட்ரோமில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்துக்கு மூலமான மரபணுவும் அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. ஆகவே 40 வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் அந்தப் படிவு சேர்ந்துவிடுகிறது. எல்லோருக்கும் உடனே அறிகுறி வந்துவிடாது. ஆனால் அறுபதுகளுக்கு வரும்போது பாதிப் பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ மறதி நோய் வெளிப்பட்டுவிடும். 40 வயதிலிருந்து ஆண்டுதோறும் இதற்கென்று பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவப் பரிந்துரை. மற்றவர்களுக்குச் செய்வதுபோல ‘இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்’ என்று கேட்பது இங்கே பயன்படாது. அது முன்பும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அவர் முன்பு எதைச் செய்தார், இப்போது எதை விட்டுவிட்டார் என்பதுதான் அளவுகோல். ‘என்டிஜி-இடிஎஸ்டி’ என்ற இலவசப் படிவம் இதற்காகவே அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. அவரை ஆறு மாதமாவது நன்றாக அறிந்தவர் அதை நிரப்பலாம். அது நோயைத் தீர்மானிக்காது; டாக்டரிடம் என்ன பேச வேண்டும் என்பதைத் திரட்டித் தரும்.

முதலில் மறப்பது பெயர்களாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உற்சாகம் போவது, பிடித்த வேலையைப் பாதியில் விடுவது, எரிச்சல், தட்டுத்தடுமாறும் நடை என்று குணத்தில்தான் பெரும்பாலும் தொடங்கும். வாழ்நாளில் வலிப்பே வராதவருக்குக் காலையில் எழுந்த சற்று நேரத்தில் கை உதறி, பிடித்திருக்கும் கோப்பை தெறித்து விழுந்தால், அதை ‘கை நழுவியது’ என்று விடாமல் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டைப் பெரியவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். கழுத்தில் முதுகெலும்பின் மேல்மூட்டு தளர்ந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் அதை நினைவூட்டுங்கள். பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதும் சற்று முன்னதாகவே வரும்.

செரிப்ரல் பால்சி கூடிக்கொண்டே போகும் நோய் அல்ல என்பார்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் நாற்பது வருஷம் கோணலாக நடந்த இடுப்பும் முட்டியும் சீக்கிரம் தேயும். முப்பதுகளிலேயே வலியும் களைப்பும் தொடங்கிவிடும். நடக்க முடிந்தவர் இப்போது சக்கர நாற்காலி கேட்டால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். வெளியே போய்வர மிச்சமிருக்கும் தெம்பைச் சேமித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆனால் கை மரத்துப்போவது, நடை குறுகிய காலத்தில் மோசமாவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது என்றால் கதை வேறு. கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்படுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கை கால் தன்னிச்சையாக முறுக்கி அசையும் வகையினருக்கு இந்த ஆபத்து கூடுதல்.

பிராடர்-வில்லி சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் கோளாறு உள்ளவருக்குப் பசி அடங்காது. வலி உணர்வு குறைவு, வாந்தியும் அரிது. அப்படிப்பட்டவர் வாந்தி எடுத்தாலோ, சாப்பாடு வேண்டாம் என்றாலோ அது அவசரம். ஆட்டிசம் உள்ள முதியவர்களைப் பற்றிய ஆய்வு இன்னும் குறைவுதான். அவர்களுக்கு வழக்கம் குலைவதே பெரிய வேதனை என்பதால், கண் பரிசோதனைக்குப் போவதானாலும் முன்கூட்டியே படம் காட்டி, இடத்தை ஒரு முறை வெறுமனே பார்த்துவிட்டு வந்து, பிறகு போங்கள்.

படி 6: மறதி நோய் என்று உறுதியானால்

வீட்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும். கறுப்புக் கால்மிதி பள்ளமாகத் தெரியும், எடுத்துவிடுங்கள். பளபளக்கும் தரை ஈரமாகத் தெரியும். வெள்ளைக் கழிப்பறையில் வெள்ளை இருக்கை கண்ணுக்குப் புலப்படாது. அடர்நிற இருக்கை மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். மாலையில் இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள். அறைக் கதவில் எழுத்துக்குப் பதில் புகைப்படம் ஒட்டுங்கள்.

பேச்சைச் சுருக்குங்கள். ஒரு வாக்கியம், ஒரு செய்தி. சொன்னபின் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வராததால் உடனே வேறு சொற்களில் திருப்பிச் சொன்னால், பாதியில் இருந்த அவருடைய யோசனை கலைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இறந்துபோன அம்மாவைத் தேடினால் ஒவ்வொரு முறையும் ‘அம்மா செத்துப்போயாச்சு’ என்று திருத்த வேண்டியதில்லை. அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதிய சாவு. ‘அம்மா ஞாபகம் வந்துடுச்சா? என்ன பண்ணிக் கொடுப்பாங்க?’ என்று அம்மாவைப் பற்றியே பேசலாம். புதிய திறமைகளைக் கற்றுக்கொடுக்கும் திட்டங்களை இங்கே மூட்டை கட்டிவிடுங்கள். இத்தனை வருஷம் ‘தானே செய்யப் பழக்கு’ என்று உழைத்த குடும்பத்துக்கு இது கடினம்தான்.

படி 7: டாக்டரிடமும் ஆஸ்பத்திரியிலும்

ஒரே ஒரு தாள், இரண்டு பக்கம். பெயர், குறைபாடு, மருந்துகள், ஒவ்வாமை, எப்படித் தொடர்புகொள்வார், வலித்தால் என்ன செய்வார், எதைக் கண்டால் பயம், எதைக் கொடுத்தால் அடங்குவார், எப்படி விழுங்குவார், வழக்கமாக எப்படி இருப்பார். நர்ஸ் மாறும் ஒவ்வொரு முறையும் இதைக் கையில் கொடுங்கள். கூட்டம் இல்லாத முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசினால், ‘அவரிடமே கேளுங்கள் டாக்டர், நான் உதவுகிறேன்’ என்று சொல்லிவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். ‘இவருக்கு இது சகஜம்தானே’ என்று யாராவது சொன்னால், நோட்டையும் வீடியோவையும் எடுத்துக்காட்டி ‘போன வருஷம் இப்படி இல்லை’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் பல கதவுகளைத் திறக்கும். மார்பகப் புற்றுநோய், குடல் புற்றுநோய்ப் பரிசோதனைகள் இவர்களுக்கும் உண்டு. ‘ஒத்துழைக்கமாட்டார்’ என்று மற்றவர்களே முடிவுசெய்து விட்டுவிடுவதுதான் வழக்கம்.

படி 8: முடிவு அவருடையது

2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, சட்டத்தின் முன் அவர்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமான தகுதி உண்டு என்கிறது. முடிவெடுக்க உதவி தேவைப்பட்டால் உதவ வேண்டும், அவருக்குப் பதிலாக முடிவெடுத்துவிடக் கூடாது என்பதே இதன் போக்கு. பாதுகாவலர் நியமனம், சொத்து, அறக்கட்டளை போன்றவை ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு. உள்ளூர் வழக்கறிஞரிடம் பெற்றோர் இருக்கும்போதே போய் வாருங்கள்.

அன்றாடத்தில் கவனிக்க வேண்டியது கேள்வி கேட்கும் முறை. வாழ்நாள் முழுக்கச் ‘சரி’ என்றே சொல்லிப் பழகியவர்கள் இவர்கள். ‘இங்கேயே இருக்கிறீர்களா?’ என்றால் ‘சரி’. ‘அங்கே போகலாமா?’ என்றாலும் ‘சரி’. ‘இதுவா அதுவா’ என்றால் கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொள்வார். ஆகவே பொருளையோ படத்தையோ காட்டிக் கேளுங்கள். சிறிது நேரம் கழித்து வரிசையை மாற்றிக் கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால்தான் அது அவருடைய விருப்பம். வார்த்தையைவிட உடம்பு சொல்வதை நம்பலாம்: எங்கே போனால் வேகமாக நடக்கிறார், எங்கே போனால் செருப்பைத் தேட நேரமாகிறது என்று பாருங்கள்.

படி 9: சாவைப் பற்றிப் பேசுங்கள்

அப்பா இறந்தபோது ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று சொல்லிவைத்தால், அவர் வாசலில் காத்துக்கொண்டே இருப்பார். ‘தூங்குகிறார்’ என்றால் தூங்கவே பயப்படுவார். ‘அப்பா இறந்துட்டார். இனி வரமாட்டார். எனக்கும் அழுகையா வருது’ என்று நேராகச் சொல்லுங்கள். இறுதிச் சடங்கில் அவருக்கும் இடம் கொடுங்கள். வர வேண்டாம் என்பது அவர் சொல்ல வேண்டியது. அன்று அழாமல் இருந்துவிட்டு, மாதங்கள் கழித்துப் பொருளை உடைப்பதும் சாப்பிட மறுப்பதும் நடக்கலாம். அதுவும் துக்கம்தான். அப்பாவின் சட்டை, கைக்கடிகாரம், ஒரு புகைப்படப் பெட்டி என்று தொட்டுப் பார்க்க ஏதாவது அவர் வசம் இருக்கட்டும். பெரும்பாலும் இதே நேரத்தில்தான் வீடும் படுக்கையும் ஊட்டும் கையும் மாறுகின்றன. முடிந்தால் ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள்.

படி 10: உங்களுக்குப் பின்னும் ஒருவர்

நீங்களும் வயதாகிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் காலில் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் அன்றிரவு அவரை யார் பார்ப்பார்கள்? அந்தப் பெயரை இப்போதே முடிவு செய்யுங்கள். அவசரம் வருவதற்கு முன், நல்ல நாளாகப் பார்த்து அந்த நபரை ஓர் இரவு வீட்டில் தங்கவைத்துவிட்டு நீங்கள் வெளியே போங்கள். பிறகு இரண்டு இரவு. அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் பழக வேண்டும். வேறு இல்லத்தில் தங்க நேரலாம் என்றால் அங்கே பகல் பொழுதைக் கழிக்கத் தொடங்குவதற்கு நாற்பது வயது நல்ல வயது. எழுபதில் அம்மா இறந்த வாரத்தில் பெட்டியோடு கொண்டுபோய் விடுவது கொடுமை.

வரும் நபரிடம் நோட்டைக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒரு வேளை உணவை நீங்கள் கொடுங்கள், அவர் பார்க்கட்டும். அடுத்த வேளையை அவர் கொடுக்கட்டும், நீங்கள் பேசாமல் பாருங்கள். சந்தேகங்களை அன்றிரவே அந்த நோட்டில் அவருடைய கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.